ஹவானாவிலிருந்து சின்சினாட்டிக்கு: அமெரிக்க பேஸ்பாலில் முதல் கியூபர்களும் நிறத் தடையும்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கியூபர்களின் வரலாற்றை எந்த ஆண்டில் தொடங்குவது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீக்காக ஏற்பவர்கள், 1871இல் அதில் ஆடிய எஸ்தேபன் பெயானிடமிருந்து தொடங்குவார்கள். ஏற்காதவர்களோ 1911இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் இறங்கிய ரஃபாயேல் அல்மெய்தா, அர்மாந்தோ மர்சான்ஸ் ஆகியோருக்கு வந்துவிடுவார்கள். யார் முதல்வர் என்ற வழக்கைவிட, இந்த 40 ஆண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அந்தக் காலத்தில்தான் கறுப்பின வீரர்களைத் தள்ளிவைக்கும் வழக்கம் அமெரிக்க பேஸ்பாலில் இறுகியது. அதன்பின் கியூபர் ஒருவர் உள்ளே போக முடியுமா என்பதை அவருடைய ஆட்டத்தைவிடத் தோலின் நிறமே தீர்மானித்தது.

பெயான் 1849இல் ஹவானாவில் பிறந்தவர். வசதியான கியூபக் குடும்பங்கள் பிள்ளைகளை அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பிய காலம் அது. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஆட்டம் பழகிய அவர், டிராய் ஹேமேக்கர்ஸ் அணியில் மூன்றாம் பேஸில் நின்றார். 1873இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியோடு அவருடைய அமெரிக்க ஆட்டம் முடிந்தது. ஊர் திரும்பியவர், 1874 டிசம்பர் 27 அன்று மத்தான்சாஸின் பால்மார் தெ ஹுன்கோ மைதானத்தில் ஹவானா அணிக்காக ஆடினார். அந்த அணி 51–9 என்று வென்றது. ஸ்பெயினுக்கு எதிரான பத்தாண்டுப் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. காளைச் சண்டை ஆள்பவர்களின் கேளிக்கை என்றால், பேஸ்பால் விடுதலை வேண்டியவர்களின் ஆட்டமாயிற்று. ஹவானா அணியை நிறுவியவர்களுள் ஒருவரான எமிலியோ சபுரீன், அடுத்து வந்த விடுதலைப் போரின்போது கைதாகி, 1897இல் செயுத்தா சிறையில் இறந்தார்.

1900 முதல் கியூப லீகில் கறுப்பின வீரர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக ஆடினார்கள். அந்த மைதானங்களுக்குத்தான் 1908இல் சின்சினாட்டி ரெட்ஸ் சுற்றுப்பயணம் வந்தது. அல்மெந்தாரஸ் அணிக்காகப் பந்தெறிந்த ஹோசே மென்டெஸ் கறுப்பின இளைஞர், ஒல்லியான உடல்வாகு. முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ரெட்ஸால் ஒரு ஹிட்கூட எடுக்க முடியவில்லை. கடைசியில் மில்லர் ஹக்கின்ஸ் ஒன்று எடுத்தார், அவ்வளவுதான். அல்மெந்தாரஸ் 1–0 என்று வென்றது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ரெட்ஸுக்கு எதிராக மென்டெஸ் வீசிய 25 இன்னிங்ஸிலும் அவர்களுக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் ரெட்ஸ் மென்டெஸை அழைக்கவில்லை. அல்மெந்தாரஸில் அவரோடு ஆடிய மர்சான்ஸை அழைத்தது. மர்சான்ஸும் அல்மெய்தாவும் அதற்கு முன் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் அணியில் ஆடிவந்தார்கள். உடன் சென்ற லூயிஸ் பத்ரோன் நிறம் கூடியவர் என்ற புகாரில் விலக்கப்பட்டார். ஒரே நாட்டிலிருந்து ஒரே அணிக்குப் போனவர்களை நிறம் பிரித்துவிட்டது. மற்ற இருவரைச் சேர்க்கும் முன்பும் ரெட்ஸ் தலைவர் கேரி ஹெர்மன் அவர்களுடைய இனத்தைக் கடிதங்கள் வழியே விசாரித்து, உறுதிமொழி பெற்ற பிறகே ஒப்புக்கொண்டார். 1911 ஜூலை 4 அன்று சிகாகோவில் இருவரும் களமிறங்கினார்கள். பத்திரிகைகள் அவர்களுடைய ஐரோப்பிய வம்சாவளியை வலிந்து எழுதின. ஒன்று அவர்களைக் காஸ்டில் சோப்புக்கு ஒப்பிட்டது. வெள்ளையர் என்ற சான்றிதழை வாசகர்களுக்கும் காட்டவேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. அல்மெய்தா மூன்று பருவங்களோடு விடைபெற்றார். மர்சான்ஸ் 1912இல் .317 சராசரி எடுத்து, 1918 வரை மேஜர் லீகில் ஆடினார்.

இவர்கள் திறந்த வழியில் மிகேல் கொன்சாலெஸும் அதோல்ஃபோ லூக்கேயும் வந்தார்கள். நீலக் கண்ணும் வெளிர்நிறமும் கொண்ட லூக்கே 1923இல் சின்சினாட்டிக்காக 27 ஆட்டங்களை வென்றார். அதே ஆண்டில் நீக்ரோ நேஷனல் லீகை வென்ற கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு மேலாளராக இருந்தவர் மென்டெஸ். மறுஆண்டு கறுப்பின அணிகளின் முதல் உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் அவரே பந்தெறிந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் வென்றார். 1928இல் ஹவானாவில் இறந்தார்.

தடை உடைந்தது 1947இல், கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனால். மத்தான்சாஸ் மாகாணத்தின் பெரிக்கோவில் பிறந்து, நியூயார்க் கியூபன்ஸ் என்ற நீக்ரோ லீக் அணியில் பெயரெடுத்த மின்னி மின்யோசோ 1949 ஏப்ரலில் கிளீவ்லேண்டுக்காக இறங்கினார். யாரும் அவரிடம் வம்சாவளிச் சான்று கேட்கவில்லை. ரெட்ஸை மென்டெஸ் திணறடித்து அப்போது 40 ஆண்டுகள் கடந்திருந்தன.