அரைக்கால் அங்குலம்

துப்பாக்கிக் குண்டு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பொருளுக்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன. பறந்து சென்று தைப்பது மட்டுமே குண்டு. எரிந்து அதை உந்தித் தள்ளுவது வெடிமருந்து. அம்மருந்துக்கு நெருப்பு வைப்பது, அடியில் பொட்டுப் போலப் பதிந்திருக்கும் பிரைமர். இம்மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பித்தளைக் கூடு. நான்கும் கூடியதே தோட்டா. சுட்டபின் குண்டு போய்விடுகிறது, மருந்து புகையாகிறது, பொட்டு ஒருமுறை வெடித்ததோடு பயனற்றுப் போகிறது. மிஞ்சுவது கூடு ஒன்றுதான். அதை மீண்டும் நிரப்பலாமே என்ற சிக்கனப் புத்தியிலிருந்துதான் கையால் தோட்டா நிரப்பும் தொழில் அமெரிக்க வீடுகளில் வேர்விட்டது.

ஆயுதங்களில் ஆர்வமில்லாத வாசகருக்கும் இந்தத் தொழிலின் வரலாற்றில் யோசிக்க ஒன்று உண்டு. தன் கையால் செய்து தானே பயன்படுத்துபவனின் அறிவு ஒன்று. முகம் தெரியாத ஆயிரம் பேருக்காகச் செய்பவனின் அறிவு மற்றொன்று. இவ்விரண்டும் முப்பதாண்டுக் காலம் ஒன்றோடொன்று வாதிட்டு, கடைசியில் அரைக்கால் அங்குலப் பித்தளையில் உடன்பாடு கண்ட கதை இது. அரைக்கால் என்பது நம் பழைய கணக்கில் எட்டில் ஒரு பங்கு என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தண்டவாளமும் கடைத்தெருவும் எட்டாத மேற்குப் பகுதிகளில், வேட்டைக்காரரும் பண்ணைக்காரரும் தோட்டா வாங்க நெடுந்தொலைவு போக வேண்டியிருந்தது. 1884-இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ‘ஐடியல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குறடு போன்றதொரு கைக்கருவியை விற்கத் தலைப்பட்டார். 1925-இல் அந்நிறுவனம் லைமன் குடும்பத்தின் கைக்கு மாறியது. சட்டைப்பையில் அடங்கும் அக்கருவியும், ஈயம் உருக்க ஒரு சட்டியும், குண்டு வார்க்க ஓர் அச்சும் இருந்தால் சமையலறை மேசையே ஆலையாகிவிடும்.

வேலையின் வரிசை எளியது, கவனம்தான் கடினம். செத்த பொட்டைக் குத்தி வெளியே தள்ள வேண்டும். சுடும்போது விரிந்துபோன கூட்டை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பொட்டைப் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகி, கூட்டின் வாயை உள்நோக்கி மடித்து இறுக்க வேண்டும். எடைக்கு அலகு கிரெய்ன். தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு அது. நம் பொற்கொல்லர் நெல்லெடையும் குன்றிமணியும் வைத்துப் பொன் நிறுத்ததைப் போன்றது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். சில கிரெய்ன் கூடினால் துப்பாக்கி உடையும் என்னும்போது, தராசின் முள்ளைப் பார்க்கும் கண்ணில்தான் கை இருக்கிறதா போகிறதா என்பது தீர்மானமாகிறது.

கடைசிப் படியாகிய வாய்மடிப்பு ரிவால்வருக்கு மிக முக்கியம். ஓர் அறையில் உள்ள தோட்டா வெடிக்கும்போது, மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களும் பின்னுதைப்பில் அதிர்கின்றன. குண்டின் பாரம் பெரிதானால், அது கூட்டைவிட்டு மெல்ல மெல்ல முன்னே நழுவும். நழுவிய குண்டு உருளையின் முன்பக்கம் நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது. எதிரே கரடி நிற்கும் வேளையில் அப்படி நேர்ந்தால் அடுத்த தோட்டாவுக்கு வழியில்லை.

இனி 44 என்னும் எண்ணுக்கு வருவோம். அது பெயரளவில்தான் 44. அமெரிக்கப் பழந்தோட்டாக்கள் சிலவற்றில் குண்டின் அடிப்பாகம் மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் செல்ல, மேற்பாகம் கூட்டின் வெளிப்புற அகலத்துக்கே இருக்கும். பூசிய கொழுப்பு வெளியே தெரியும், தூசி ஒட்டும். 1870-களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம் ரிவால்வர்கள் வாங்கிய ருஷ்ய அரசு, குண்டின் கொழுப்புப் பூசிய பகுதி கூட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று கேட்டது. குண்டு மெலிந்தது, பெயர் மெலியவில்லை. இன்றும் ‘44’ என்று வழங்கும் ரிவால்வர் குண்டின் மெய்யான விட்டம் 0.429 அங்குலம்.

அந்த ‘44 ரஷ்யன்’ தோட்டாவின் கூட்டைச் சற்றே நீட்டி, 1908 வாக்கில் ‘44 ஸ்பெஷல்’ வந்தது. நீளம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. 246 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 750 அடி வேகத்தில் அனுப்பும் சாதுவான தோட்டாவாகவே ஆலைகள் அதை விற்றுவந்தன. இடமுள்ள கூடும் வலுவான துப்பாக்கியும் இருந்தும், உள்ளே இருந்த மருந்து பழைய காலத்து அளவிலேயே நின்றது.

இந்த இடத்தில்தான் எல்மர் கீத் வருகிறார். 1899-இல் மிசௌரியில் பிறந்து மொன்டானாவில் வளர்ந்தவர்; சிறுவயதில் தீ விபத்தில் சிக்கி இடக்கை முடங்கிப்போய், பின் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். ஐடஹோவின் சால்மன் ஆற்றுப் பகுதியில் பண்ணை வைத்திருந்தார். வேட்டைக்காரர்களைக் குதிரைகளோடு மலைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகவும் இருந்தார். சேணத்தில் ஏறி நாளெல்லாம் வேலை செய்பவனுக்கு நீண்ட துப்பாக்கி எப்போதும் கைக்கு எட்டாது. இடுப்பில் இருப்பதுதான் எட்டும். இடுப்பில் இருப்பது எல்க் மானையும் கரடியையும் ஒரே குண்டில், அதிகம் வதைக்காமல் வீழ்த்த வேண்டும். கீத்தின் தேவை இவ்வளவே.

முதலில் அவர் நம்பியது 45 கோல்ட் ரிவால்வரை. 1925 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று, மிகுதியாக நிரப்பிய தோட்டாக்களால் வானை நோக்கிச் சுட்டுக் கொண்டாடியபோது உருளையின் மேற்பகுதி பெயர்ந்து பறந்தது. அதே பருமனுள்ள உருளையில் 45-க்குத் துளை பெரிது, சுவர் மெல்லிது. 44-க்குத் துளை சிறிது, சுவர் தடிப்பு. கீத் 44 ஸ்பெஷலுக்கு மாறினார்.

அங்கே அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். ஒன்று, குண்டின் வடிவம். 1920-களின் பிற்பகுதியில் அவர் வரைந்து கொடுத்த அச்சை 429421 என்ற எண்ணில் ஐடியல் கருவிகளின் வரிசையில் விற்றார்கள். பெயர் மறைத்த உண்மை விட்டம் அச்சின் எண்ணில் வெளிப்பட்டிருப்பதை வாசகர் கவனிக்கலாம். 250 கிரெய்ன், அதாவது பதினாறு கிராம் சொச்சம் எடை. தட்டையான அகன்ற மூக்கு. அதன் பின்னே முழு விட்டத்துக்கும் விளிம்பு கட்டிய தோள். கொழுப்பு நிறைய ஓர் ஆழமான பள்ளம். கூட்டின் வாய் மடிந்து பற்றிக்கொள்ள இன்னொரு பள்ளம். உருண்டை மூக்குக் குண்டு சதையை விலக்கிக்கொண்டு போகும். தட்டை மூக்குக் குண்டு வெட்டிக்கொண்டு போகும். மற்றது, வேகம். 1930-களின் தொடக்கத்தில் ஹெர்குலிஸ் நிறுவனம் ‘2400’ என்ற மெதுவாக எரியும் மருந்தை வெளியிட்டது. திடீரென்று அறையாமல் நீடித்துத் தள்ளும் அம்மருந்தைக் கொண்டு கீத் ஏறத்தாழ 1200 அடி வேகத்தை எட்டினார். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடுமாதலால், ஆலைத் தோட்டாவைப்போல இரண்டரை மடங்கு ஆற்றல் அது.

அவர் தனியாளும் அல்லர். ‘44 அசோசியேட்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட சிலர், எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து, கூடு அறையில் ஒட்டிக்கொண்டதா, பொட்டு தட்டையாகிவிட்டதா என்றெல்லாம் கடிதம் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். சில நூறு பேருக்காக அச்சாகும் சிற்றிதழ்களின் உலகை அறிந்த நமக்கு இந்த மனநிலை புதிதன்று. பெருநிறுவனம் காதில் போட்டுக்கொள்ளாததைச் சிலர் விடாமல் செய்து பார்த்து, ஒருவருக்கொருவர் எழுதி வைப்பது.

கீத் ஆண்டுக்கணக்காக எழுதியும் நேரில் பேசியும் கேட்டது ஒன்றுதான்: இந்த வலிமையில் ஒரு தோட்டாவை ஆலையே செய்து விற்கட்டும். ஆலைகள் மறுத்தன. இந்த மறுப்பை வெறும் மந்தபுத்தி என்று எழுதும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீத் தம் துப்பாக்கியை அறிவார். அதன் உருளைச் சுவரின் தடிப்பையும், சென்ற வாரம் போட்ட மருந்தின் அளவையும் அறிவார். ஆலைக்கு அப்படி எந்தத் துப்பாக்கியும் தெரியாது. பெட்டி கடைக்குப் போகிறது. யார் வாங்குவார், எந்தப் பரணில் கிடக்கும் எந்தத் தேய்ந்த ரிவால்வரில் போடுவார் என்பதை ஆலை அறிய முடியாது. 44 ஸ்பெஷல் என்று பெயர் பொறித்த மிகப் பலவீனமான துப்பாக்கி எதுவோ, அதற்கே அது பதில் சொல்லியாக வேண்டும்.

வழியும் முன்பே கண்ணெதிரில் இருந்தது. 1930-இல் ‘38/44’ என்ற பெயரில் கனமான சட்டம் கொண்ட ரிவால்வருக்கென 38 ஸ்பெஷல் தோட்டாவை வீரியம் கூட்டி வெளியிட்டார்கள். அளவு மாறாததால் அது சாதாரண 38-களிலும் நுழைந்தது. 1935-இல் ‘357 மேக்னம்’ வந்தபோது கூட்டை ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் நீட்டிவிட்டார்கள். நீண்ட தோட்டா பழைய அறையில் முழுதாக இறங்காது, உருளை மூடாது. எச்சரிக்கைச் சீட்டை வாசிக்காதவனையும் காப்பாற்றும் பூட்டு அந்த நீளம். மேக்னம் என்பது பெரிய ஷாம்பெய்ன் புட்டியின் பெயர் என்பது கொசுறுச் செய்தி.

அதே பூட்டு 44-க்கு வர இன்னும் இருபதாண்டுகள் ஆயின. நடுவில் ஓர் உலகப்போர். 1950-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தலைவர் கார்ல் ஹெல்ஸ்ட்ரோம் இசைந்து, ரெமிங்டன் தோட்டாவை வடிக்க, 1955 இறுதியில் ‘44 மேக்னம்’ உருவாகி 1956 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. கூட்டின் நீளம் 1.16 அங்குலத்திலிருந்து 1.285 ஆயிற்று. வேறுபாடு 0.125, சரியாக அரைக்கால் அங்குலம். மருந்துக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. பழைய கூட்டிலேயே கீத் செய்து காட்டியிருந்தார். அந்தப் பித்தளை முகம் தெரியாத மனிதனுக்காகச் சேர்க்கப்பட்டது. 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ படம் அந்த ரிவால்வரை உலகறியச் செய்தது. அது வேறு கதை.

ஆலைத் தோட்டா வந்தபின்னும் கீத் மேசையை விடவில்லை. அவர் கேட்ட 1200 அடியைத் தாண்டி ஆலை வேகத்தைக் கொடுத்தது; குண்டோ மென்மையாக இருந்து குழலில் ஈயத்தைப் பூசியது. தம் அச்சில் வார்த்த குண்டையே அவர் தொடர்ந்து நிரப்பினார். 1984-இல் மறைந்தார்.

அந்த ஈயத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. வேட்டையாடி அறுத்த மானின் குடலைக் காட்டிலேயே விட்டுச் செல்வது வழக்கம். அதில் சிதறிக் கிடக்கும் ஈயத் துகளைக் கலிபோர்னியாவின் காண்டோர் என்னும் பெரும் பிணந்தின்னிப் பறவை தின்று நஞ்சேறிச் செத்தது. 1982-இல் உலகிலேயே எஞ்சியவை 22. 2008-இல் காண்டோர் வாழும் பகுதிகளில் ஈயக் குண்டு வேட்டைக்குத் தடை செய்யப்பட்டது. 2013-இல் இயற்றிய சட்டம் 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதற்கும் அதை விரித்தது. அதிவேக ரைஃபிள் குண்டுகளே மிகுதியாகச் சிதறுபவை, மெதுவாகச் செல்லும் வார்ப்புக் குண்டு அவ்வளவு சிதறாது என்று ரிவால்வர்க்காரர்கள் வாதிடுவதில் உண்மை உண்டு. ஆனால் சட்டமும் ஆலையைப் போன்றதே. ஒவ்வொருவர் குண்டையும் அது தனித்தனியே அறிய முடியாது. தன் துப்பாக்கியை முற்றும் அறிந்தவனின் கணக்கில் இந்தப் பறவை வரவேயில்லை என்பதும் உண்மை.

ஆகவே அங்கே நிரப்புவோர் செம்புக் குண்டுக்கு மாறியிருக்கிறார்கள். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளும். நீண்ட குண்டு கூட்டுக்குள் மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். கீத் காலத்துக் குறிப்பேடுகளின் எண்கள் இங்கே செல்லா. நிரப்புபவர் மீண்டும் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, தராசின் முள்ளைப் பார்த்து, ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புதிய பக்கத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.