பெங்களூருக்கு முன்னால் ராய்ச்சூர்

2020 ஜூலை. எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியின் மகள் கேட் பக்கம் அப்பாவோடு உட்கார்ந்து பாடம் படிப்பாள். அரசுப் பள்ளி, எட்டாவது. தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம். ஸ்கூலில் இருந்து வீடியோ வருவது அப்பாவின் போனுக்கு. யாராவது விசிட்டர் வந்தால் ஃபிளாட்டுக்குக் கூப்பிடவும் அதே போன்தான். பாடம் பாதியில் நிற்கும்.

அப்போதுதான் எனக்கு 'சைட்' ஞாபகம் வந்தது. (பாங்க் ஆபீசர் சைட் என்றால் பி.டி.ஏ. சைட் என்று நினைத்துவிடாதீர்கள் :-) இது வேறு.) 1975 ஆகஸ்ட் 1 முதல் சரியாக ஒரு வருடம், நாசாவிடம் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி இஸ்ரோ நடத்திய டிவி பரிசோதனை. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கர்நாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்கள். கோழி வலைக் கம்பியில் செய்த 3 மீட்டர் குடை ஆன்டெனா, ஊருக்கே பொதுவாக ஒரு டிவி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குப் பெங்களூரில் டிவி நிலையமே கிடையாது! தூர்தர்ஷன் இங்கே வந்தது 1981 நவம்பரில். சென்னைக்கே 1975 ஆகஸ்ட் 15-ல்தான். பின்தங்கிய ஊர் எது என்று தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், டிவிப் பெட்டியின் செலவு சர்க்கார் கணக்கில். வருடம் முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது, அது தனிக்கதை.

அப்புறம் 2004 செப்டம்பர் 20-ல் கல்விக்கென்றே எஜுசாட் விட்டார்கள். கர்நாடகத்தில் பள்ளிகளுக்கான சோதனை நடந்தது சாம்ராஜ்நகரில், 800க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில். திம்பம் ஏறி அந்தப் பக்கம் போனால் வருமே, அந்த மாவட்டம்தான். வீரப்பனின் கோபிநத்தமும் அங்கேதான். 2010-ல் எஜுசாட்டின் ஆயுள் முடிந்தது.

2020-ல் செலவு அப்பா கணக்குக்கு மாறிவிட்டது. போனும் அவருடையது, நெட் பேக்கும் அவருடையது. ஜூலை 20 முதல் சந்தனா சேனலில் எட்டு முதல் பத்து வரை பாடம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டில் டிவி வேண்டுமே? இவர்கள் இருந்த ஒற்றை அறையில் அது இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி என்ற யோசனை யாருக்கும் வரவில்லை போலிருக்கிறது. ஐம்பது ஃபிளாட் உள்ள எங்கள் அசோசியேஷனுக்கும் வரவில்லை, கிளப் ஹவுஸ் டிவி பூட்டித்தான் கிடந்தது.

என் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. சார்ஜர் தேடிப் பிடித்து, ரிப்பேர் பார்த்துக் கீழே எடுத்து வந்தது அக்டோபரில். கேட்டில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். "அவங்க போன மாசமே ஊருக்குப் போயிட்டாங்க சார்" என்றார்.