அந்தியேட்டி செய்யப்படாத வீடுகள்: வட இலங்கையின் உளசமூகப் பணியும் பண்பாடு பற்றிய கேள்வியும்

உளசமூகப் பணியாளர் எனப்படுவோர் மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். உளநலம் பற்றிய அடிப்படைப் பயிற்சி பெற்று, வைத்தியசாலை எட்டாத ஊர்களுக்கு வீடுவீடாகச் செல்லும் சமூகப் பணியாளர்கள். வட இலங்கையில் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் இவர்கள் ஆற்றிய பணியை மதிப்பிடுவோர் அதனைப் 'பண்பாட்டுக்கு ஏற்ற உளச்சிகிச்சை' என்று பாராட்டி நிறுத்திவிடுவது வழக்கம். பண்பாடு துயரை ஆற்றும் வழிகளை வைத்திருக்கும் இடத்தில் அதற்கு ஏற்ப நடப்பது எளிது. பண்பாடே வழியற்று நிற்கும் இடத்தில், அல்லது பண்பாடே காயப்படுத்தும் இடத்தில், பணியாளர் எதற்கு ஏற்ப நடப்பது என்ற கேள்வியை அப்பாராட்டு தொடுவதில்லை. மரபில் எதை, எப்போது கைக்கொள்வது என்ற முடிவைத் துயருற்றவரிடமே விட்டுவைக்கும் ஒழுக்கத்தையே பண்பாட்டு உணர்திறன் என்று கொள்ள வேண்டும் என்பதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது.

இத்துறையில் புழங்கும் தமிழ்ச் சொற்களே போரின் நடுவில் உருவானவை அல்லது புதுப்பொருள் பெற்றவை. மனவழுத்தம் தரும் சூழலைக் குறிக்க 'நெருக்கீடு', துணைநின்று பேசித் தெளிவிக்கும் ஆற்றுப்படுத்தலைக் குறிக்கச் 'சீர்மியம்', போர் உள்ளத்தில் விட்டுச்செல்லும் தழும்பைக் குறிக்க 'மனவடு' ஆகியன யாழ்ப்பாணத்தில் வேரூன்றின. அங்கு நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்பின் அலகு தனிமனிதர் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே சிதைகின்றன என்று காட்டி, அதனைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டபின், அயல்நாட்டு ஆலோசனைக் குழுக்கள் வினாக்கொத்துகளோடு வந்திறங்கின. ஆனால் இலங்கையரின் துயர்மொழியை ஆராய்ந்த உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ, அம்மக்கள் தம் பாதிப்பை உள்ளத்துள் நிகழும் நோய்க்குறிகளாகக் கூறுவதைவிட, உறவில் தமக்குரிய இடம் இழந்துபோனதாகவே கூறுவதை எடுத்துக்காட்டினார். இவ்விரு முடிபுகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துவன.

வன்னியில் ஒரு தாய் "கிறுதி வருது", "நெஞ்சு அடைக்குது", "ஒரே யோசினை" என்று சொல்லும்போது, யோசினை என்னும் அவ்வொரு சொல் நினைவையும் கவலையையும் தூக்கமின்மையையும் ஒருசேரச் சுமக்கிறது. அதை வெறும் தலைச்சுற்றாகவோ வெறும் மனச்சோர்வாகவோ குறித்துக்கொள்பவர் பாதியையே கேட்டவராவார். 'விசர்' என்ற சொல்லின் நிழல்கூட விழாத முறையில் பேசத் தெரியாதவருக்கு அடுத்தமுறை படலை திறக்கப்படுவதில்லை. இவை சிறு செய்திகள் எனத் தோன்றலாம். சிகிச்சையின் பெரும்பகுதி இவற்றில்தான் நிகழ்கிறது. விறாந்தையில் அமர்ந்த பணியாளரிடம் நீட்டப்படும் தேத்தண்ணியை எடுத்துக்கொள்வோம். அந்தக் கோப்பையை வாங்கிக் குடிப்பதும் "இப்பதான் குடிச்சனான்" என்று மறுப்பதும், சாதி பார்த்து நீர்கூட அருந்த மறுத்த வரலாறு கொண்ட சமூகத்தில், நடுநிலையான செயல்களாக இருக்க முடியாது. மேலைநாட்டு உளச்சிகிச்சை மூடிய அறையையும் உறவற்ற அந்நியரையும் அடிப்படையாகக் கொண்டது. ஊரிலோ, கணவனற்ற ஒரு பெண் ஆண் பணியாளருடன் தனியறையில் இருந்தாள் என்பதே வதந்திக்குப் போதுமானது. பணியாளரும் அந்நியராக நீடிக்க முடியாமல் விரைவிலேயே "தம்பி" அல்லது "பிள்ளை" ஆகிவிடுகிறார். உறவுச்சொல் நெருக்கத்தைத் தருகிறது. கூடவே, வயதில் இளையவர் மூத்தவருக்குப் புத்தி சொல்லக்கூடாது என்ற வரம்பையும் விதிக்கிறது. திறமையான பணியாளர் அவ்வரம்பைக் குறையாகக் கருதாமல், அறிவுரை கூறுவதை விடுத்துக் கேட்கத் தொடங்குவதற்கான வாய்ப்பாக மாற்றிக்கொள்கிறார்.

யாழ்ப்பாணச் சைவ மரபில் இறந்தவருக்கான துக்கம் நன்கு வகுக்கப்பட்டது. பறையும் ஒப்பாரியும், எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பின்னர் ஆண்டுதோறும் திவசம் என்று அழுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் ஊர் கூடி நாள் குறிக்கிறது. இவ்வொழுங்கு முழுவதும் உடல் ஒன்று இருப்பதைச் சார்ந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோதும் அதற்கு முன்னரும் காணாமல் ஆக்கப்பட்டோருக்கு உடலுமில்லை, நாளுமில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெளியாத இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, நோய் குடும்பத்தில் இல்லை, அது சிக்கியுள்ள சூழலில் இருக்கிறது என்றார். அச்சூழல் தமிழ் வீடொன்றில் கொள்ளும் வடிவம் தனித்தன்மை உடையது: மனைவி பொட்டு வைத்தால் கணவன் உயிரோடு இருக்கிறான், அழித்தால் அவளே அவனைக் கொன்றவளாகிறாள். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசை விரதம் பிடித்துக் கீரிமலைக்குச் செல்லும் நாளில், காணாமல் ஆக்கப்பட்டவரின் மகன் போவதா நிற்பதா என்பது பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றப்படும் தீர்ப்பாகிவிடுகிறது.

இங்கே 'மரபுச் சடங்கைப் பயன்படுத்துக' என்ற பொதுவான பரிந்துரை தோற்கிறது. நல்லெண்ணத்தோடு அந்தியேட்டி செய்யத் தூண்டும் பணியாளர், இறப்புச் சான்றிதழைக் கையில் திணிக்கும் அதிகாரியின் வேலையையே மென்மையான குரலில் செய்கிறார். இறப்பைப் பதிவுசெய்யாமலே, ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் சட்டம் 2016இல்தான் இடமளித்தது. கிழக்கில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் இக்குடும்பங்கள் சென்றதை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். "மகன் இருக்கிறான்" என்ற வாக்கை மூடநம்பிக்கை என்று மறுப்பதும், உளச்சிகிச்சையின் மலிவான மாற்றாக அதைப் பரிந்துரைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள், ஏனெனில் இரண்டிலும் முடிவெடுப்பவர் தாய் அல்லர்.

பண்பாடு காயப்படுத்தும் இடங்களிலும் இதே அளவுகோல் பொருந்தும். கணவனை இழந்தவளை மங்கல காரியத்தில் பின்வரிசைக்குத் தள்ளும் வழக்கமும், பொதுநோக்கு மண்டபத்துக் கூட்டத்திலும் சாதி பார்த்து அமரும் வழக்கமும் பண்பாடுதான். அவற்றுக்கு ஏற்ப நடப்பது கொடுமைக்குத் துணைபோவதாகும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் துயரைச் சைவச் சடங்குகளை மட்டும் அறிந்த பணி எட்டவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

முறையான உளவியற் கல்வியில்லாதவரிடம் சிகிச்சையை ஒப்படைப்பது ஏழைகளுக்கு இரண்டாந்தரச் சேவையைத் தருவதாகாதா என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. சில நாள் பயிற்சியோடு களத்தில் இறக்கப்பட்டு, மேற்பார்வையின்றிக் கைவிடப்பட்டால் அது அப்படித்தான் ஆகும். ஆயினும் தூக்கமின்மைக்கும் கடனுக்கும், நெஞ்சடைப்புக்கும் பிரதேச செயலகத்தில் தேங்கிய விண்ணப்பத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, இரண்டையும் ஒரே வருகையில் கையாளக்கூடியவர் சமூகப் பணியாளர் ஒருவரே. பொட்டைப் பற்றி மூன்றாம் ஆண்டில்தான் வாய்திறக்கும் பெண்ணிடம் அம்மூன்று ஆண்டும் அதே பணியாளர் செல்ல வேண்டும். ஆறுமாதத் திட்ட நிதியில் இது இயலாது. இவர்களுக்கு நிரந்தர நியமனமும், மாதந்தோறும் உளமருத்துவரின் மேற்பார்வையும், அவர்தம் சொந்த மனவடுவுக்கான கவனிப்பும் அரச சுகாதார சேவைக்குள்ளேயே வழங்கப்பட வேண்டும்.