நானிங் நாடும் நானூறு கந்தாங் நெல்லும்

மலாக்கா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் அலோர் காஜா உள்ளது. யானைகள் நடந்த தடம் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இம்மாவட்டத்தின் உட்பகுதியே பழைய நானிங் நாடு. சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் வந்து குடியேறிய இடம் இது. அவர்கள் கொணர்ந்த பெர்பாத்தே வழக்கப்படி, குலம் தாய்வழியே எண்ணப்படும். குலநிலம் பெண்மக்களைச் சேரும். நாட்டை ஆண்டவர் பெங்ஹுலு.

1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றியபின், நானிங்குடன் உடன்படிக்கை செய்தனர். விளைச்சலில் பத்திலொரு பங்கு தரவேண்டும் என்பது ஏட்டில் எழுதப்பட்ட விதி. நாளடைவில் அது ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லாகச் சுருங்கிற்று. கந்தாங் என்பது மலாய் மக்களின் முகத்தலளவை. நானிங் மக்கள் அந்நெல்லை நட்பின் அடையாளமாகவே கருதி அளந்தனர்.

1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆளுநர் புல்லர்ட்டன் பழைய ஏட்டைப் புரட்டி, நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே என முடிவு செய்து, பத்திலொரு பங்கை முழுமையாகக் கேட்டார். பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்தார். ஒருவர்க்கு நட்புக்காணிக்கையாய்த் தோன்றிய நெல், மற்றவர்க்கு நிலவரியாய்த் தோன்றியது. போரின் வேர் இதுவே.

1831இல் சென்னைக் காலாட்படையின் சிப்பாய்கள் சுமார் 150 பேர் அனுப்பப்பட்டனர். ரெம்பாவ் வீரர்களின் துணைபெற்ற நானிங் மக்கள் மரங்களை வெட்டிப் பாதையில் வீழ்த்தி, உணவு வரும் வழியையும் அடைத்தனர். படை பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கிற்று. மறுபடியும் பெரும்படை சென்றது. இதற்குள் ரெம்பாவ் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துவிட்டது. காட்டை அழித்துப் பாதை வகுத்து, அடி அடியாக முன்னேறி, 1832 சூனில் தாபோ நானிங்கைப் பிடித்தனர். போருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் செலவாயிற்று என்பர். நானிங் தரக்கூடிய வரியோ அதனுடன் ஒப்பிடத்தக்கதன்று. இவ்வனுபவத்துக்குப்பின் ஆங்கிலேயர் மலாய் நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிட நெடுங்காலம் தயங்கினர்.

டோல் சாயிட் 1834இல் சரணடைந்தார். உதவித்தொகை பெற்று மலாக்காவில் வாழ்ந்து, 1849இல் மறைந்தார். இப்போரில் பங்குகொண்ட சென்னைப் பீரங்கிப்படை அதிகாரி பெக்பி எழுதிய நூல், 1834இல் சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. நானிங் வரலாறு சென்னை வரலாற்றோடும் இவ்வாறு பின்னிக் கிடக்கிறது.

இன்று இம்மாவட்டத்துக்குச் செல்வோர் தாபோ நானிங்கில் டோல் சாயிட்டின் அடக்கத்தலத்தையும், அலோர் காஜாவில் அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளையும் காணலாம். நட்டுவைத்த பழங்கற்களும் இங்குண்டு. அவை வளர்பவை என நம்பி, உயிர்க்கற்கள் என்று மலாய் மக்கள் அழைப்பர். காடேக் வெந்நீரூற்றும் தஞ்சோங் பிடாரா கடற்கரையும் இளைப்பாறத் தக்கவை.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், போரில் வென்றவர் யார் என்பதோடு நிறுத்திவிடாது, 400 கந்தாங் நெல்லின் பொருளையும் விளக்குதல் நன்று. சொந்த மண்ணைக் காக்க நின்றவர் ஒருபுறம். கூலிக்குப் படைசேர்ந்து, கடல் கடந்து, தமக்கு எப்பகையும் இல்லாத மக்களோடு பொருதி மடிந்த சென்னைச் சிப்பாய்கள் மறுபுறம். இருவரையும் நினைப்பதே வரலாற்றுக் கல்வியாகும்.