கெல்லாஸ்: ஒரு பெயர் வந்த வழி

"எந்த ஊரு?" என்று கேட்டால் "கெல்லாஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெரியவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா பக்கம் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் சேலத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ வட ஆற்காட்டிலிருந்தோ வந்திருப்பார்கள். ஆனால் பிறந்ததும், மரம் சீவியதும், பிள்ளை பெற்றதும் கெல்லாஸில். அது தமிழ்ச் சொல் இல்லை, மலாய்ச் சொல்லும் இல்லை. பேராக்கில் தமிழ்க் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் இப்படி ஒரு பெயரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பெயரைத் தாண்ட ஒரு வழிதான் உண்டு. அது எங்கிருந்து புறப்பட்டது என்று அதன் பின்னாலேயே போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே வட்டாரத்தில், லாஸி ஆற்றங்கரையில் கெல்லாஸ் இருக்கிறது. வயலும் குளிருமாகக் கிடக்கும் சிற்றூர். அங்கே அகப்பட்ட ஒரு கருநிறக் காட்டுப் பூனைக்கு 1980களில் ஊரின் பெயரை வைத்தார்கள். வெளியுலகில் அவ்வூரை அறிந்தவர்களில் பலர் அந்தப் பூனையால் அறிந்தவர்கள். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் 1870இல் பிறந்தவர் வில்லியம் ஸ்மித். தாயின் பிறந்தவீட்டுப் பெயரான கெல்லியையும் சேர்த்து வில்லியம் கெல்லி ஸ்மித் ஆனார். 1890இல், இருபது வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். நிலம் அளந்து காடு திருத்தும் குத்தகை எடுத்திருந்த சார்லஸ் அல்மா பேக்கரிடம் வேலை பார்த்தார். அதில் கிடைத்த லாபத்தில் கிந்தா மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் நட்டார், ஈயமும் தோண்டினார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். முதற்பாதி வந்து சேர்ந்த மாவட்டம், பிற்பாதி விட்டுவந்த ஊர். ஊரை விட்டு வந்தவன் தன் ஊர்ப் பெயரை மண்ணில் ஊன்றி வைப்பதில் எனக்கு வியப்பில்லை. அந்த மண்ணில் வேலை செய்ய வந்த மற்றவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் தங்கள் ஊர்ப் பெயரை அங்கே வைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

பேராக்கில் இப்படி வந்திறங்கிய பெயர்கள் இன்னும் பல. சிலிம் ரிவர் பக்கம் குளூனி, தெற்குப் பேராக்கில் ஸ்திராத்மாஷி, இரண்டுமே ஸ்காட்லாந்துப் பெயர்கள். தெலுக் இந்தானில் நோவா ஸ்கோஷியா, லத்தீனில் 'புதிய ஸ்காட்லாந்து'. பாரிட் அருகே கிளனீலி. அதே பெயரில் அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் ஓர் ஊர் உண்டு. துரைகள் போன பின்னும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இவை தங்கிவிட்டன. ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டி, நோட்டுப் புத்தக அட்டையில் எழுதிப் பழகிய பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்.

கெல்லாஸ் என்ற பெயர் தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்த வாசல் செக்குரோல், அதாவது தோட்டத்து வருகை ஏடு. விடியுமுன், ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் தொழிலாளர்கள் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டுக் குறிப்பார். யார் வந்தார், யாருக்கு அரைநாள், யாருக்குக் கூலி எவ்வளவு என்பதுதான் அந்த ஏட்டின் கவலை. கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருப்பார், எழுதுவது ஆங்கிலத்தில். பெருமாள் ஒரு மாதம் 'பெர்மால்', மறுமாதம் 'பிருமல்'. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முனியாண்டி த/பெ கருப்பன், கருப்பன் த/பெ வீரன். ஒவ்வொரு தலைமுறையிலும் சங்கிலியின் ஒரு கண்ணி கழன்று விழுந்துவிடும். பெயர் மாறிக்கொண்டே போக, தாத்தாவின் தாளிலும் அப்பாவின் பிறப்புப் பத்திரத்திலும் மாறாமல் நின்றது தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். வேறொருவரின் சொந்த ஊர்ப் பெயர் நம் குடும்பப் பெயரின் வேலையைச் செய்தது.

கெல்லி ஸ்மித்தின் வம்சத்தைத் தேடுகிறவருக்கு இந்தத் தவிப்பு இல்லை. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிந்துவந்திருக்கிறது. இறந்துபோன எழுபது வயதுக்காரரின் பதிவில்கூடத் தாய் தந்தை பெயரும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். அதற்கு முந்திய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள் உண்டு. எடின்பரோவில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பண்ணைக்காரரின் மனைவி எந்த வீட்டுப் பெண் என்பதை ஓர் அரசு நினைவில் வைத்திருந்தது. நம் பாட்டிகளின் பிறந்த வீட்டை எந்த ஏடும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அயர்லாந்துக்காரர்கள் நமக்கு நெருக்கம். 1922 ஜூன் மாதக் கடைசியில், உள்நாட்டுப் போரின் தொடக்கச் சண்டையில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது. பாட்டனைத் தொலைத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? நிலத்துக்கு வரி மதிப்பிட்ட ஏடுகளைத் திறந்தார்கள். யாருடைய நிலத்தை யார் குத்தகைக்கு வைத்திருந்தார்கள் என்று சொல்லும் 'கிரிஃபித் மதிப்பீட்டு' ஏடுகள், 1847க்கும் 1864க்கும் இடையில் வெளிவந்தவை, இன்று அவர்களுக்கு உயிர்நாடி. குடியானவனின் பெயர் நிலம் வைத்திருந்தவனின் பெயரோடு சேர்ந்தே கிடைத்தது. பேராக்கில் நாம் நிற்பதும் அதே இடத்தில். கருப்பனைத் தேட முதலில் கெல்லி ஸ்மித்தைத் தேட வேண்டும்: தோட்டம் எந்த ஆண்டு யார் கையில் இருந்தது, எந்த ஏஜென்சிக்குப் போனது, கணக்கேடுகள் எங்கே போயின என்று.

பெயரின் பயணத்தில் பெரிய திருப்பம் 1915இல். மகன் ஆண்டனி பிறந்த மகிழ்ச்சியில் ராயா ஆற்றங்கரையில் மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார் ஸ்மித். ஆறு மாடிக் கோபுரம், அதற்கு மின்தூக்கி என்று பெருங்கனவு. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன, எழுபது கைவினைஞர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். அவர்கள் கட்டிய வளைவுகள் இன்றும் நிற்கின்றன, அவர்கள் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. பிறகு விஷக்காய்ச்சல் பரவியது. முதல் உலகப் போர் முடிவில் உலகையே வாரிக்கொண்டு போன அதே காய்ச்சல் கெல்லாஸ் லயங்களிலும் புகுந்தது. மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால் நோய் தணியும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. கோயில் மாளிகையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அதன் மேலே, தெய்வச் சிலைகளின் வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு மனிதர் நிற்கிறார். அது கெல்லி துரை என்கிறார்கள்.

அந்தச் சுதைச் சிலையை நன்றியின் அடையாளம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை. தங்களுக்கு ஊர்ப் பெயர் தந்தவனைத் தொழிலாளர்கள் தங்கள் முறையில் பதிந்துவைத்த ஏடு அது. செக்குரோலில் அவர்களை அவன் எழுதினான். கோயிலில் அவனை அவர்கள் எழுதினார்கள். செக்குரோல்கள் போன இடம் தெரியவில்லை, சிலை இருக்கிறது.

ஸ்மித் 1926 டிசம்பரில் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். மோரே மண்ணிலும் இல்லை, கிந்தா மண்ணிலும் இல்லை, இடையில் ஒரு துறைமுக ஊரில். மின்தூக்கி வந்து சேரவில்லை. மனைவி ஆக்னஸ் சொத்தை விற்க, தோட்டம் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு கைக்குப் போனது. ஈயம் தோண்டும் கம்பெனி ஒன்றும் கிந்தா கெல்லாஸ் பெயரையே தாங்கியது. அதே 1926இல்தான் ரஜுலா கப்பலை கிளாஸ்கோவில் கட்டி முடித்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று நம்மவர்களைச் சுமந்த கப்பலும் ஸ்காட்லாந்துக் கைகள் செய்ததே. ஹாரிசன்ஸின் தோட்டங்கள் பின்னர் கோல்டன் ஹோப் ஆகி, 2007இல் சைம் டார்பியோடு இணைந்தன. அந்தத் தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கத்ரி என்பது 1821இல் சிங்கப்பூரில் கடை திறந்த அலெக்சாண்டர் கத்ரியின் பெயர், ஸ்காட்லாந்தின் பிரீக்கின் ஊர்க்காரர்.

ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் இப்போது தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டில் பெரியவர்களிடம் குலதெய்வம் எது என்று கேளுங்கள். தோட்டத்துப் பெயர் கப்பலை விட்டு இறங்கிய பக்கத்தைச் சொல்லும், குலதெய்வம்தான் கப்பல் ஏறிய பக்கத்தைச் சொல்லும். இந்த வட்டத்து இந்தச் சாமி என்று தெரிந்தால் ஒரு மாவட்டம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் எறியாதீர்கள். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் மரண அறிவிப்புகளையும் விடாதீர்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிந்து, செம்பனை வளர்ந்த பிறகும், இறந்தவரின் பெயருக்கடியில் பிள்ளைகள் அந்தப் பழைய தோட்டத்தின் பெயரைச் சேர்த்தே போட்டார்கள். உறவுக்காரர் யார் என்று தெரிந்து வந்து சேர வேண்டுமே.