கோப்பின் பெயரை யார் நினைவில் வைப்பது?

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய ‘ஈடி’ உரைத் தொகுப்பியில் ஒரு கோப்பைத் திறக்க, அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்தாக வேண்டும். பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் ஒரு கேள்விக்குறிதான் பதிலாக வரும். நாள்தோறும் திறக்கும் கோப்பானாலும் எப்போதாவது திறப்பதானாலும் அதே உழைப்புதான். பெயர்களையெல்லாம் மனிதரே சுமந்தார். பின்வந்த ஆண்டுகளில் அந்தச் சுமையைத் தொகுப்பிகள் ஒவ்வொரு படியாக வாங்கிக்கொண்டன.

முதல் படி, மெதுவான தொலைபேசி இணைப்பின் காலத்தில் வந்தது. பெர்க்லியில் 1976 வாக்கில் ‘விஐ’யை உருவாக்கிய பில் ஜாய், நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளே வரும் மோடத்தில் வேலை செய்தார். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட திரை முழுதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கோப்புப் பட்டியலைத் திரையில் கொட்டித் தேடுவது கட்டுப்படியாகாது. விஐயோ, முந்தைய கோப்பின் பெயரைத் தானே நினைவில் வைத்தது. # என்ற குறியைத் தந்தால் அங்கே திரும்பிவிடலாம். இரண்டு கோப்புகளுக்கிடையே மாறிமாறி வேலை செய்பவர்களுக்கு இது போதும்.

ஈமேக்ஸ் இன்னும் தாராளமாக இருந்தது. எம்ஐடியில் 1976இல் பிறந்து, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் க்னூ பதிப்பாக வெளியிட்ட அந்தத் தொகுப்பி, பல கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும். ஒரு கோப்பின் பெயரை ஒற்றை எழுத்துக்குள் பதிந்துவைக்கவும் அதில் வழி உண்டு. மாற்றங்களைக் குறித்துவைக்கும் ‘சேஞ்ச்லாக்’ கோப்பை ‘இசட்’ எழுத்தில் வைப்பதையே அதன் கையேடு எடுத்துக்காட்டாகத் தருகிறது.

1991இல் பிராம் மோலெனார் அமிகா கணினிக்காக வெளியிட்ட ‘விம்’ இதை மேலும் வளர்த்தது. பெரிய எழுத்தில் இடும் அடையாளம், கோப்பையும் வரியையும் சேர்த்தே நினைவில் வைக்கும். அவை தனிக் கோப்பொன்றில் சேமிக்கப்படுவதால், கணினியை அணைத்தாலும் அழிவதில்லை.

ஆனால் இவையெல்லாம் பயனர் முன்கூட்டியே குறித்துவைத்தால்தான் உதவும். ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகள் ஒரே செயலியை நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகப் பல அடைவுகளில் பிரித்தன. எத்தனைக்குத்தான் அடையாளம் இடுவது? 2004இல் ஆலன் ஓட்கார்ட் வெளியிட்ட ‘டெக்ஸ்ட்மேட்’ இதற்கு விடை தந்தது. கமாண்ட்-டி அழுத்தி, பெயரிலுள்ள சில எழுத்துகளை வரிசையாகத் தட்டினால் போதும். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. எதுவும் தட்டாவிட்டால், அண்மையில் பயன்படுத்திய கோப்புகள் முதலில் வரும். சப்லைம் டெக்ஸ்டும், 2015இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கோடும் இதே வசதியைக் கன்ட்ரோல்-பி விசைக்குக் கொண்டுவந்தன. இன்று நிரலாளர்களின் விரல்கள் தாமாகவே போகும் இடம் அது.

இருந்தும் பழைய முறை ஒழியவில்லை. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் பயனர்களிடையே பரவிய ‘ஹார்ப்பூன்’ செருகுநிரல், அன்றைய வேலைக்கு வேண்டிய சில கோப்புகளை மட்டும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை தருகிறது. கோப்புத் தேடல் எவ்வளவு விரைவானாலும், அது காட்டும் பட்டியலைக் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பத் திரும்பத் திறக்கும் கோப்பு நாலைந்துதான் என்றால், அந்தப் பார்வையும் தேவையில்லை.