அனமார்பிக் வில்லை
அனமார்பிக் வில்லை என்பது அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் சுருக்கிப் பதிவு செய்யும் ஒளிப்பதிவு வில்லை ஆகும். சுருங்கிய படத்தை, திரையரங்கப் புரொஜெக்டரில் பொருத்தப்படும் இணை வில்லை மீண்டும் விரிக்கும். பிரான்சின் ஆன்றி கிரெத்தியன் 1920களில் உருவாக்கிய இம்முறையில் 1953ல் தி ரோப் வெளியானது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ராஜராஜ சோழன் (1973).

குறைந்த விலை வழிகள்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களிலும், சினிமாஸ்கோப் படச்சுருளை ஓட்ட விரிவு வில்லை இன்றியமையாததாக இருந்தது. எண்முறைத் திரையிடலில் அதற்கு வேலையில்லை. விரிக்கும் வில்லையைப் படக்கருவி வில்லையின் முன் வைத்தால், ஒளி எதிர்த்திசையில் செல்வதால் அது சுருக்கும். எனவே பழைய புரொஜெக்டர் வில்லைகள் குறும்பட இயக்குநர்களுக்குப் பயன்படுகின்றன. ஆயினும் எடை அதிகம். பெரும்பாலும் இரு வில்லைகளையும் தனித்தனியே குவியப்படுத்த வேண்டும். நடந்து வரும் நடிகரைப் படமாக்குவது பெரும்பாடு. தவிர, 2 மடங்கு சுருக்கம் 16:9 படக்கருவியில் 3.55:1 என மிகை அகலம் தரும். ஓரங்களை வெட்ட நேரிடும். 1.33 மடங்கு வில்லையோ ஏறத்தாழ 2.37:1 தரும். சிருய் நிறுவனம் 2020ல் வெளியிட்ட 50 மி.மீ. வில்லை இவ்வகையினது.

சாதாரண வில்லையில் எடுத்து மேலும் கீழும் வெட்டினாலும் அதே வடிவம் செலவின்றிக் கிடைக்கும். ஆனால் படப்புள்ளிகளில் ஏறத்தாழ கால் பங்கு வீணாகும். பின்னணி விளக்குகள் நீள்வட்டமாகத் தோன்றா.